ஆயிரத்து இருபத்து நான்கு கோப்புகள்

6 அக்டோபர் 2025, திங்கள்

வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்தபோது மில் சர்வர் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. ஷிப்டில் அதைக் கவனித்துக்கொண்டிருந்தவள் மாரிச்செல்வி. என்ன நடந்தது என்று காட்டவேண்டிய லாக் பதிவுகள் புதன்கிழமையோடு முடிந்துவிட்டன. மேனேஜர் காமராஜ் தீர்ப்பே எழுதிவிட்டார்: அவள் எதையோ தப்பாக அமுக்கினாள், மறைக்கப் பதிவை அழித்தாள். சர்வர் பொறுப்பில் இருக்கும் என் கையெழுத்தும் விழுந்தால் அவளுக்கு வேலை இல்லை.

போடவில்லை. வெள்ளிக்கிழமைத் தப்பை மறைக்க எவளாவது புதன்கிழமையிலிருந்து அழிப்பாளா?

7 அக்டோபர்

மாரிச்செல்வி வந்து நின்றாள். அழவில்லை.

“லாக்கைப் பாக்கத்தான் தெரியும்க்கா. அழிக்கத் தெரிஞ்சிருந்தா இம்புட்டு நாளா ஷிப்டுல கெடப்பேனா?”

நியாயம்தான். ஆதாரம் இல்லையே.

8 அக்டோபர்

கிடைத்தது.

ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடும் முப்பது வெர்ச்சுவல் மெஷின்கள். அத்தனைக்கும் பதிவு எழுதுவது ஒரே லாக் சர்வீஸ். அது ஒரே சமயத்தில் 1024 கோப்புகளைத்தான் திறந்து வைக்கலாம். போதவில்லை என்று மே மாதம் வரம்பை உயர்த்தினேன் — ஓடிக்கொண்டிருந்த சர்வீஸில், ஒற்றைக் கட்டளையில். சர்வர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் படிக்கும் அமைப்புக் கோப்பில் எழுதவில்லை. சர்வரை அணைத்தால் பழைய எண்ணே திரும்பும். யார் அணைக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

புதன்கிழமை ஆயுத பூஜை. தறியோடு சர்வரையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் வைத்து ஓட்டினார்கள். அணைத்துக் கொடுத்தவளே நான்தான்! அன்று மாலையே திறந்த கோப்புகள் வரம்பைத் தாண்டிவிட்டதாக சர்வீஸ் எச்சரித்திருக்கிறது. அதுதான் கடைசி வரி.

யாரும் அழிக்கவில்லை. எழுதவே விடாதவள் நான்.

9 அக்டோபர்

தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். சர்வர் ஏன் நின்றது என்பது இனித் தெரியவராது, அதையும் எழுதினேன்.

காமராஜ் குரலைத் தாழ்த்தினார். “ஒங்க பேரு எதுக்கு மேடம் இதுல? அந்தப் பிள்ளைக்கு வேற எடம் கெடைக்கும். இதக் கிழிச்சிருதேன்.”

“கிழிங்க சார். முதலாளிக்கு மெயில் போயிருச்சு.”

வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பயமா? இருந்துவிட்டுப் போகட்டும்.

13 அக்டோபர்

முதலாளி நிரூபிக்கச் சொன்னார். பழைய வரம்போடு ஓட்டினேன், பதிவு நின்றது. அமைப்புக் கோப்பில் 65536 என்று எழுதி, அவர்கள் கண்முன்னே அணைத்து ஓட்டினேன். எண் மாறவில்லை, பதிவும் நிற்கவில்லை. காமராஜ் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

24 அக்டோபர்

சர்வர் பொறுப்பு என்னோடு வேலை பார்க்கும் ஜோயலுக்குப் போய்விட்டது. எனக்கு பிரிண்டர்கள்.

மதிய ஷிப்டுக்கு வந்த மாரிச்செல்வி, புதிதாக ஒரு மெஷினை ஏற்றியபோது உயர்த்திய கோப்பு வரம்பை எங்கே எழுதினார் என்று ஜோயலிடம் கேட்டாளாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றிருக்கிறார் அவர்.

“அணைச்சு ஓட்டிக் காட்டுங்க சார்.”

ஜோயல் சிரித்தாராம். இவள் நகரவில்லையாம்.