பிரிக்காத ஏழு பெட்டிகள்

அன்புள்ள நாகிசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், முதல் பனி விழுந்துவிட்டது, அப்பாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் தேவலை. நீ நலமா என்று கேட்கத்தான் இந்தத் தடவை பயமாக இருக்கிறது, கேட்டால் நலம் என்றே எழுதுவாய்.

உன் விடுதிக்கார ஒகுமுரா அம்மா வியாழக்கிழமை போன் செய்தார். உன் அறையிலிருந்து கெட்ட வாடை வருகிறதென்று கதவைத் தட்டினாராம், நீ திறந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாயாம். உனக்குப் பின்னால் சுவரோரம், ஏப்ரலிலிருந்து மாதாமாதம் நான் அனுப்பிய மஞ்ஜூ இனிப்புப் பெட்டிகள் ஏழும் கட்டுப் பிரிக்காமல் பூசணம் பிடித்துக் கிடந்தனவாம். உங்க பொண்ணு ரொம்ப மரியாதைங்க, ஆனா இத்தனை மாசத்துல அன்னிக்கு மன்னிப்புக் கேட்டப்பத்தான் அது குரலையே கேட்டேன், ஜூன்லேர்ந்து காலேஜுக்கும் போகலை போலிருக்கு என்றார்.

வகுப்பில் ஆளுக்கொன்று கொடு, பேச்சு தானாக வரும் என்று பன்னிரண்டு பன்னிரண்டாக அனுப்பினேன், எல்லாருக்கும் பிடித்ததும்மா என்று நீயும் எழுதினாய். கொடுக்க ஒருவர்கூட இல்லாதவளுக்கு மாதம் ஒரு பெட்டி வந்து சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். என்னைக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று அப்பா ஊரெல்லாம் சொல்கிறாரே, அந்த நான் நாலு வருஷமும் கல்லூரி மாடிப்படித் திருப்பத்தில் தனியாகத்தான் சாப்பிட்டேன், வீட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினேன்.

யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை என்று உன் ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதிய அட்டையை இத்தனை வருஷமாக ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தேன், நேற்று கிழித்துப் போட்டேன். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதைத்தான் உனக்குப் பெருமை என்று பழக்கிவிட்டேன். நாலு பேரோட பழகினா சரியாயிடும் என்கிறார் அப்பா. தம்பி யூதோ, என்னை மட்டும் அந்தத் திட்டு திட்டுவாளே, அக்காவுக்கா பேச வராது என்று சிரித்தான், பிறகு சாப்பிடாமலே எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். பெட்டியில் இரண்டே மஞ்ஜூ, உன் அறை வாசலில் உட்கார்ந்து ஒன்றை நான் சாப்பிடுவேன். நீ பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். நல்லா இரு என்று சொல்ல வாய் வரவில்லையடி, நீ இரு, இருந்தாலே போதும் எனக்கு.

பழைய பெட்டிகளை நீ தொடாதே, நான் வந்து தூக்கிப் போடுகிறேன். கதவை மட்டும் தாழ் போடாதே.

உன்
அம்மா