கீச்சுக் குரல் எட்டாத காது

என் கண்ணான வாப்பாவுக்கு,

அல்லாஹ் நீங்கள் அடங்கியிருக்கும் கபுறை வெளிச்சமாக்கட்டும். உங்கள் மகன், என் காக்காவும் இப்போது உங்கள் வேலையைத்தான் பார்க்கிறார். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சுத்தியலால் துருத் தட்டுகிறார். அவருக்கும் காது மந்தம். போன கிழமை திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. கீச்சுச் சத்தத்தை அதின்ர வாசல் பிடிக்கும். தடிச்ச சத்தத்தை உள்சுருள் பிடிக்கும். சுத்தியல் சத்தம் முதல்ல வாசலைத்தான் பழுதாக்கும்" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காக்காவை நினைத்து அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

நான் எஸ்.எஸ்.சி. பாஸான நாள் ஞாபகமா வாப்பா? நீங்கள் வேலை முடிந்து கிண்ணியாத் துறையில் இறங்கி நின்றீர்கள். "வாப்பா, வாப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். நீங்கள் திரும்பவே இல்லை. பின்னால் வந்த காக்கா ஒருதரம்தான் கூப்பிட்டார். "என்ன மகன்?" என்று உடனே திரும்பினீர்கள். பொம்பிளைப்பிள்ளை பாஸானால் இவருக்கென்ன என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். காக்கா சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும்.

உம்மாவும் விடமாட்டா. "சைக்கிள் பெல் கேக்காது, கப்பல் ஊதினா மட்டும் கேக்கும். இந்த மனிசனுக்குப் புள்ளயள விடக் கப்பல்தான் பெரிசு!" கேட்கவில்லையே என்று நாங்கள் இன்னும் கத்துவோம். கத்தக் கத்தக் குரல் கீச்சாகும், உங்களுக்கு இன்னும் எட்டாமல் போகும். எங்களுக்கு என்ன தெரியும் வாப்பா?

சாப்பிடும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்களே. அது இதற்காகத்தானா?

நேற்றுக் காக்காவின் சின்ன மகள் என் மடியில் வந்து படுத்து, "வாப்பாக்கு என்னில விருப்பமில்ல மாமி, கூப்பிட்டாலும் பாக்கிறாரில்ல" என்றாள். அவளை நிமிர்த்தி உட்காரவைத்துச் சொன்னேன்:

"கத்தாத மகள். கிட்டப் போய், ஆம்பிளையள் மாதிரித் தடிச்ச குரல்ல ஆறுதலாச் சொல்லு."

சிரித்துக்கொண்டே போனாள். "வாப்பா, சோறு தின்ன வாங்க."

"வாறன் மகள்" என்று காக்கா எழும்பினார்.

வாப்பாவுக்குத் தன்னில் விருப்பமில்லை என்று நினைத்து இந்த வீட்டில் இனி ஒரு பிள்ளையும் வளராது. அதற்கு நான் பொறுப்பு. இந்தக் கடிதத்தையும் கத்தாமல், குரலை இறக்கித்தான் உங்களுக்கு வாசிக்கிறேன்.

வாப்பா, நான் பாஸாகிவிட்டேன்.

உங்கள் கீச்சுக்குரல் மகள்,
சுபைதா