திருமணமானோர் குடியிருப்பு

சிங்கப்பூர்
12.3.1975

அன்பின் பாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மெல்பேர்னில் குளிர் தொடங்க முன்னமே கம்பளிச் சட்டை வாங்கிவிடும். தடிமன் பிடித்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நின்று பயிற்சி எடுக்க முடியாது.

எப்போது அங்கே வருகிறேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர். இந்தக் கொம்பியூட்டர் வேலை முடியட்டும். எங்கள் திணைக்களத்து ஊழியர் வீடுகளின் பதிவு முழுவதையும் அதற்கு மாற்றும் பொறுப்பு என் தலையில். மண்வளம் இல்லாத நாடு மூளையை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்கிறது மேலிடம். சும்மா பேச்சில்லை, காசையும் கொட்டுகிறார்கள். முன்பெல்லாம் வீடு கேட்டு வருபவன், வீடு ஒதுக்கும் ஜெயரட்ணம் அண்ணரின் மேசைக்கு முன்னால் அரைநாள் நிற்பான். அவர் ஆளின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பார். இனி கொம்பியூட்டருக்குள் போகும் துளை அட்டை சொல்வதுதான் முடிவு. மனைவியோடு இருப்பவருக்குக் குடும்ப வீடு, பிரிந்தவருக்கு ஒற்றை அறை. உம்மைப்போலப் பயிற்சிக்குப் போனவர்களின் வீட்டில் கைவைக்க மாட்டோம். விதியை எழுதியதே நான்தான். தைவானிலிருந்து வந்து பார்த்த அதிகாரிகள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

உம்முடைய
யோகேஸ்வரன்


மெல்பேர்ன்
20.6.1975

அன்பின் அத்தானுக்கு,

கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். மாமிக்கு இந்த நிறம் பிடிக்காது. அவ பார்க்கப் போவதில்லையே!

பயிற்சி முடிகிறது. நிரந்தர வேலை தருகிறார்கள், நானும் ஓம் என்றுவிட்டேன். உங்களுக்கான குடிவரவு விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டேன். கொம்பியூட்டர் தெரிந்தவர் என்றதும் அவர்கள் முகம் மலர்ந்தது. இங்கே பிரன்ஸ்விக் பகுதியில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். சமைக்கக் குசினிக்குள் இரண்டு பேர் நின்றால் இடிபட வேண்டும், ஆனால் காலை வெயில் வரும்.

இங்கே இருக்கும் எங்கள் ஊர் இந்திரகுமார் அண்ணர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், “என்ன பாமா, அவர் எப்ப வாறார்?” என்றுதான் கதையே தொடங்கும். “ஓம், வாறார், வாறார்” என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. தனிய இருந்து அலுத்துப்போச்சு, அத்தான். மார்கழிக்கு முன் வந்துவிடுங்கள்.

உங்கள்
பாமா


சிங்கப்பூர்
9.11.1975

அன்பின் பாமாவுக்கு,

சுகம். ஒரு சங்கடம், பெரிதாக எடுக்க வேண்டாம்.

பதிவைச் சரிபார்க்க வீடு வீடாக ஆள் அனுப்பினோம். நான் வேலையில் நின்ற நேரம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். மருமகள் எங்கே என்று கேட்டிருக்கிறாள். மருமகள் தனிய அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள் என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். “அவ தாய் வீட்டுக்குப் போட்டா, பிள்ளை” என்று சொல்லிவிட்டா. அயலுக்கும் அதைத்தான் சொல்கிறவ. வந்தவளும் எங்கள் ஆள். வீட்டில் மனக்கசப்பு என்றால் எங்கள் சனம் எப்படி மூடிச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? அட்டையில் ‘பிரிந்தவர்’ என்று துளைத்துவிட்டாள். கொம்பியூட்டர் உம்முடைய பெயரை நீக்கிவிட்டது.

திருத்தலாம். அதற்கு என் தாய் பொய் சொன்னா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். விதியை எழுதினவனே முதல் ஆளாகச் சலுகை கேட்டான் என்றும் கதை கட்டுவார்கள். பேசாமல் விட்டுவிட்டேன். வீட்டைத் திருப்பிக் கொடுத்து ஒற்றை அறைக்கு வந்தாயிற்று. அம்மா தங்கச்சி கலாவோடு இருக்கிறா. மேலதிகாரி கூட்டத்தில், தன்னைச் செய்தவனையே விடாத யந்திரம் என்று என்னைக் காட்டிச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த திட்டமும் என்னிடம்தான். இப்போதைக்கு வர இயலாது. நீர் வேலையை விட்டுவிட்டு வந்தால் பதிவு தானாகச் சரியாகிவிடும்.

உம்முடைய
யோகேஸ்வரன்


மெல்பேர்ன்
15.1.1976

யோகேஸ்வரனுக்கு,

உங்களை இன்றுதான் முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கிறேன். அத்தான் என்று தொடங்கிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. பெண்சாதி புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்பா மாமி. அவ பயப்பட வேண்டாம், இனி நான் அந்தக் கணக்கில் இல்லை.

மாமியோடு எனக்குக் கோபமில்லை. மகனின் மானத்தைக் காக்க அயலுக்குச் சொன்ன பொய் அது. நீங்கள் அதை அரசாங்கத்தின் உண்மையாக இருக்க விட்டீர்கள். கைதட்டும்போது உங்கள் மனதுக்கு ஒன்றும் செய்யவில்லையா?

வேலை நல்லபடி போகிறது. பிரன்ஸ்விக் வீட்டை எடுத்துவிட்டேன், என்னோடு வேலை செய்யும் ரஞ்சினி மற்ற அறைக்கு வருகிறா.

செவ்வாய்க்கிழமை குடிவரவு அலுவலகத்துக்குப் போய், உங்கள் விண்ணப்பம் வேண்டாம் என்று சொன்னேன். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் பேனாவை எடுத்தார், உங்கள் பெயரை வெட்டவில்லை. நிச்சயம்தானா, போய் யோசித்துவிட்டு வாருங்களேன் என்றார். பிறகும் ஒருமுறை கேட்டார். முன்பின் தெரியாத மனுஷன்.

என்னை வெட்டும்போது நீங்கள் ஒருமுறை கேட்டிருந்தால், நான் அந்தக் கவுண்டருக்கே போயிருக்க மாட்டேன். ஓம், நிச்சயம்தான் என்று அவரிடம் சொன்னேன்.

இப்படிக்கு,
சத்தியபாமா