அப்பா அடியில் படுத்துப் பார்க்காத வண்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உன்னை மாதிரியே.

பழைய கார் வாங்கப் போகிறாய், எந்த வியாபாரியை நம்புவது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

யார் பழைய வண்டி வாங்கினாலும் மெக்கானிக் என்று உன் அப்பாவைத்தானே கூட்டிக்கொண்டு போவார்கள்! போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான், ஏதோ மறைக்கிறான்" என்பார். அப்புறம் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். கல்யாணத்துக்குப் போகிற வழியில் புதுச் சட்டையோடு படுத்த மனுஷன். துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

"உங்க மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்து பாருங்க" என்று தானாகச் சொல்கிற வியாபாரியிடம் வாங்கு. "இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்கார், இன்னைக்கே முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்துகிறவன் கடையில் தண்ணீர்கூடக் குடிக்காதே. முன்னால் வண்டி வைத்திருந்தவரின் நம்பரைக் கேள். கொடுக்க இழுத்தடித்தால் கிளம்பிவிடு.

சொந்தக்காரனிடம் மட்டும் வாங்கக் கூடாது என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. மாமா கடையில் வாங்கிய வண்டிதான் அப்பாவைக் கொண்டுபோனது. விபத்தில் உடைந்ததை அடியில் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு வளைவில் பிரிந்துவிட்டது. "லேசான அடி" என்று தனக்கு விற்றவன் சொன்னதை மாமா நம்பினாராம். தப்பு தப்புதான், என் அண்ணன் என்பதற்காக நான் பரிந்து பேசவில்லை. "எங்கப்பாவைக் கொன்னுட்டீங்க" என்று வாசலில் வைத்துக் கத்தினாயே, அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினவள்தான் நீ. மூன்று வருஷம் ஆகிறது.

எல்லார் வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்த மனுஷன் இதை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் கேட்டு அழுதாய். நான் வாயே திறக்கவில்லை. அப்பா சாக்கை விரிக்கத்தான் செய்தார், கண்ணு. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கண்ணன் குடுக்கிற வண்டியையும் படுத்துப் பார்ப்பீங்களா? நாலு பேர் முன்னாடி என் மானம் போகுது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, உனக்குப் பிடிக்கலைன்னா விடு" என்று சிரித்துக்கொண்டே சாக்கை மடித்துவிட்டார்.

மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். நீ அவ்வளவு கத்தியபோதும், உன் அம்மாதான் தடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கையும் சேர்த்து அவரே வாங்கிக்கொண்டார். அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். பாவி நான். அப்பா போன துக்கத்தைவிட இது என்னை அதிகம் அரிக்கிறது.

நல்ல வண்டியாகப் பார்த்து வாங்கு. நிதானமாக ஓட்டு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் மாமாவுக்கு ஒரு போன் பண்ணு. அவருக்கு உடம்பு முன்போல் இல்லை. யாரிடமாவது பேசாமல் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அது என்னிடமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா