நான் குடுத்த இழை

என் கண்ணு,

நான் பாட்டில் கழுவுற ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. காபியை வாங்கி வெச்சு, ஆறவிட்டு, மறந்தே போயிடுவாங்க. அது கெடக்கட்டும், அவங்க ஒண்ணு சொன்னாங்க. உடம்புல ஒரு செல்லு ரெண்டாகுறதுக்கு முன்னால, உள்ளே முறுக்கிக்கிட்டிருக்கிற ரெட்டை இழை ஜிப்பு மாதிரி பிரியுமாம். பிரிஞ்ச பழைய இழை ஒவ்வொண்ணும் பக்கத்துலயே தனக்கொரு புது ஜோடி கட்டிக்குமாம். அப்படித்தான் நான் குடுத்தது உன் உடம்பு முழுக்க நகலாகிக்கிட்டே இருக்குன்னாங்க. எனக்கு ஒரே பெருமை.

நேத்து எங்க அண்ணி உன் வீடியோ அனுப்பினாங்க. கைக்குழந்தையா உன்னைத் தத்து வாங்கிட்டுப் போனவங்க, நீ அம்மான்னு கூப்பிடுறவங்க. உன் மூக்கு என் மூக்குதான். ஆனா நீ வாயைப் பொத்தி, தலையைச் சாய்ச்சு சிரிக்கிறது அப்படியே அண்ணி!

"இதுவும் அந்த இழையில வருமா டாக்டரம்மா?"

"இல்லக்கா. அது கூடவே இருந்து, பாத்துப் பாத்து வர்றது."

அதைக் கேட்டப்புறம் என்னையறியாம ஒரே பாட்டிலை மூணு தடவை கழுவியிருக்கேன்.

லீவுக்குப் பத்து நாள் இங்கே வந்து இரு. நான் தும்மினா மூணு தெருவுக்குக் கேக்கும். அதையாவது கத்துக்கிட்டுப் போய், அண்ணி முன்னால ஒரு தடவை தும்மு.

உன்னைப் பெத்தவ