வலைக்குண்டு கட்டிய நூல்

“எம்புள்ள அங்க பாக்குறதும் இதே நட்சத்திரந்தானா டீச்சர்?” மொட்டை மாடியில் துணி எடுத்தபடி ஒரு மாலை கேட்டாய். இன்று மேசை இழுப்பறையில், மீன்வலை அமிழக் கட்டும் உன் ஈய வலைக்குண்டு கையில் தட்டுப்பட்டதும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

உன் மகன் குஜராத் துறைமுகத்தில் இழுவைப் படகு வேலைக்குப் போயிருந்த சமயம். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, பொழுது சாய்ந்ததும் வடக்கே தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்து, அவனே எதிரில் நிற்பதுபோல் பேசுவாய். துருவ நட்சத்திரத்தைத் தானும் பார்ப்பதாக அவன் சொல்லியிருந்தான். அதே நட்சத்திரம்தான், அங்கே இன்னும் உயரத்தில் தெரியும் என்றேன். நீ நம்பவில்லை. அதனால் ஒரு கருவி செய்தோம். பழைய கோணமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரா, நடுவிலிருந்து ஒரு நூல், நுனியில் உன் வலைக்குண்டு. ஸ்ட்ரா வழியே நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நூல் தொண்ணூறிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே உயரம். கடற்காற்றில் நூல் ஆடும். முந்தானையை விரித்து மறைத்துக்கொள்வாய்.

எண்ணூரில் தங்கை வீட்டுக்கும் அதை எடுத்துப் போனாய். மறுநாள் கலங்கிப்போய் வந்தாய். “நட்சத்திரம் மேல ஏறிக்கினு கீது டீச்சர். அவனுக்கு இன்னா ஆச்சோ?”

தெருமுனை விளக்கை நோக்கி நடந்தால் அது தலைக்கு மேல் ஏறும். நட்சத்திரம் அப்படி ஏறாது. அன்று மாலை நீ ஸ்ட்ராவை நீட்டிய திசையில் பார்த்தேன். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்கு.

அது நட்சத்திரமில்லை என்று தயங்கித்தான் சொன்னேன். “அப்போ இத்தினி நாளா கரண்டு ஆபீஸ் வெளக்காண்டயா எங்கதையெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்?” என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய். “அவன் பாக்குறத காட்டு.”

அந்த விளக்குக்கு வெகு மேலே, புகைமூட்டத்தில் மங்கலாக நின்றது துருவ நட்சத்திரம். பதின்மூன்று பாகை. அவனும் அங்கே இதேபோல் ஒன்று செய்து, நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிப் பார்த்து இருபத்தொன்று என்றான். அதன் பிறகு அவன் துறைமுகம் மாறும்போதெல்லாம் எண்ணைத்தான் கேட்பாய். “கொறஞ்சா வூட்டாண்ட வரான்னு அர்த்தம்.”

நீ கண்மூடிய பின்பு அந்த எண்ணை அவன் எனக்கு அனுப்புகிறான். நேற்று வந்த எண் பதின்மூன்று. உன் மாடியில் நின்றுதான் பார்த்திருக்கிறான்.

இதைப் படிக்கிறவர்களும் ஒன்று செய்து பாருங்கள். நட்சத்திரம் கண்ணில் பட்டவுடன் எண்ணைப் பார்க்காதீர்கள். நூல் ஆடி அடங்கட்டும்.