எர்-ஆ-எஸ்

1978 ஜனவரி 16

பிரெஞ்சு ராணுவ மெடிக்கல் முடிந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர்கள் என்பதால் மார்ச்சில் நானும் என் கூட்டாளி ஃபெர்னானும் சர்வீசுக்குப் போக வேண்டும். ஐந்து பேரை அம்மணமாக வரிசையில் நிறுத்தினார்கள். சுவரைப் பார்த்து நிற்கத்தான் நினைத்தேன். கண் கேட்டால்தானே!

ஐந்து பேருக்கும் ஐந்து விதம். ஃபெர்னானுக்கு முன்தோல் பாதிதான் மூடியிருக்கிறது. அடுத்தவனுக்கு மூடவே இல்லை. இன்னொருவனுக்கு அளவெடுத்தது போல நுனிவரை. காரைக்கால் சலீமுக்குச் சுன்னத்து, அது தெரிந்த கதை. எனக்கோ முழுக்க மூடி, நுனியைத் தாண்டியும் தொங்குகிறது.

டாக்டர் நான்கு பேரையும் பேசாமல் பார்த்து வந்தார். கடைசி ஆள் நான். என்னைப் பார்த்ததும் எழுதுகிறவர் பக்கம் திரும்பி, "எர்-ஆ-எஸ்" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் ஏன்?

ஜனவரி 17

வியாதி பேரா அது? அறுத்துடுவானுங்களா? கல்யாணத்துக்கு மூணு வாரந்தான் இருக்கு. மிரேய் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு இது வேணும். என் பிரெஞ்சு 'பொன்ழூர்' தாண்டாது.

ஜனவரி 19

மூலக்குளத்தில் என்னை யாருக்கும் தெரியாது. சைக்கிளை மிதித்து அங்கே டாக்டர் ஜானகிராமனிடம் போனேன். பார்த்தார்.

"பின்னால தள்ளினா வருதா?"

"வருது சார்."

"வலி, வெடிப்பு, ஒண்ணுக்குப் போறப்ப கஷ்டம்?"

"இல்ல சார். ஆனா நீளமா—"

"நீளம், குட்டை, பாதி மூடினது, மூடாதது, எல்லாம் சகஜம்பா. காது மடல் எல்லாருக்கும் ஒரே மாதிரியா தொங்குது? தள்ள வரலன்னா, வலிச்சா, தள்ளினது திரும்ப மூடாம மாட்டிக்கிட்டா உடனே வா. இல்லன்னா குளிக்கறப்ப தள்ளிக் கழுவிக்க, போதும்."

எர்-ஆ-எஸ் பற்றிக் கேட்டேன். அப்படி ஒரு வியாதியை அவர் கேள்விப்பட்டதில்லையாம்.

ஜனவரி 22, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை. கோயில் முழுக்கக் காது மடல்கள்! சாமியாருக்கு ஒட்டியிருக்கிறது. மிரேயின் அப்பாவுக்கு ஊஞ்சல் கட்டலாம். இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதி அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது.

ஜனவரி 25

கல்யாணப் பத்திரிகையைக் காட்ட மிரேய் வீட்டுக்குப் போனேன். அவள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். எர்-ஆ-எஸ் என்றால் என்ன என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன்.

"அதுவா? அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த பழைய சோல்தா இல்லையா, வெளிய போயிட்டு வந்தா மொதல்ல அதான் கேப்பாரு. ரியேன் ஆ சிஞாலேங்கறதோட மொத எழுத்து மூணும். சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். உங்களுக்கு யாரு சொன்னது?"

"மெடிக்கல்ல."

"எதப் பாத்து?"

"பல்ல."

அட மடையா! அந்த ராணுவ டாக்டர் ஐந்து பேரையும் பார்த்து முடித்துவிட்டு, ஐந்து பேருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். வீடு வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 6

கல்யாணம்.

பிப்ரவரி 7

மாமனார் வீடு. காலையில் காப்பி கொண்டுவந்த மிரேயிடம், டாக்டர் பார்த்தது பல்லை அல்ல என்று சொன்னேன். புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

கடைக்குப் போய்த் திரும்பிய மாமனார் கூடத்தில் நின்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார்: "எர்-ஆ-எஸ்?"

என்னைப் பார்த்துக்கொண்டே மிரேய் பதில் சொன்னாள்.

"எர்-ஆ-எஸ், பப்பா!"